சனிக்கிழமைக்குப் பின்னால்

“சனிப் பொணம் தனியாப் போவாதுட்டீ” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அப்போதுதான் துரையின் நெஞ்சிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்திருந்தார். சும்மா நிற்கிற குதிரைக்கு இதயம் நிமிடத்துக்கு 40 தடவை, மிஞ்சினால் இன்னும் நாலைந்து கூட அடிக்குமாம். துரைக்கு 80-ஐத் தாண்டியிருந்தது. மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்பி வர ரொம்ப நேரம் பிடித்தது.

“இனி எந்திரிக்க மாட்டாருங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மருந்தோட வந்தர்றேன். வலியில்லாம அனுப்பிச்சிரலாம்.”

அதற்குத்தான் அம்மா அப்படிச் சொன்னாள். தொழுவத்துத் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். “நாளைக்குச் சனிக்கிழமைலா. அதுலயும் மாசி மகம், பௌர்ணமி. அன்னைக்குப் போயி ஒரு உசுர எடுப்பாவளா?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 18 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறவள். ராகு காலம் பார்த்து யாருக்கும் நான் வரிக்கணக்குத் தாக்கல் செய்ததில்லை. எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் வாங்கியபோது, நாள் பார்க்க வேண்டும் என்ற வீட்டுக்காரரோடு சண்டை போட்டு ஒரு செவ்வாய்க்கிழமையில் எடுத்து வந்தவள். அப்பேர்ப்பட்ட நான், அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், “ஞாயித்துக்கிழமை வர முடியுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“லீவுதாங்க. வர்றேன்” என்றார். ஒரே பக்கமாகப் படுக்க விடக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும், தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனவர் திரும்பினார். “சீக்கிரம் செய்யறதுதானுங்க அவருக்கு நல்லது” என்றார். எனக்குக் கேட்டது.

2024 பிப்ரவரி 23. கல்லிடைக்குறிச்சியில், கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டுப் புறவாசல்.

துரை எங்கள் வீட்டு மட்டக்குதிரை. தரையிலிருந்து முதுகு வரை நாலடிக்குக் கொஞ்சம் கூட. செம்மண் நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. கடைசிப் பத்து வருஷத்தில் அந்த வெள்ளை எது, நரை எது என்று சொல்ல முடியாமல் போயிற்று.

1999-ல் தாத்தாவின் பழைய குதிரை செத்து, இரண்டு மாதம் வண்டி சும்மா கிடந்தது. சங்கரன்கோவிலில் ஒரு வண்டிக்காரர் தொழிலை விடுகிறார் என்று தரகர் சொல்ல, தாத்தாவும் லாடக்கார மாமாவும் போனார்கள். லாடக்கார மாமாவுக்குப் பத்தமடை. ஊரில் எல்லோரும் பாய் என்பார்கள், எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு மாமா, அம்மாவுக்கு அண்ணாச்சி.

துரைக்கு அப்போது 5 வயது. பால் பல் எல்லாம் விழுந்து முளைத்திருந்தது. மாமா நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு பழுதில்லை. பின்னே ஏன் இது விலைபோகாமல் கிடக்கிறது என்று கேட்டபோதுதான் தரகர் முதுகைக் காட்டியிருக்கிறார். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக இரண்டு சுழி. பாடைச் சுழி. வைத்திருக்கிறவன் வீட்டில் பாடை கட்டும் என்பார்கள். சுழி பார்க்கிற சாஸ்திரம் மாட்டோடு நிற்பதில்லை, குதிரைக்கும் உண்டு. நல்ல நடை, நல்ல பல், நல்ல குளம்பு எல்லாம் இருந்தும், முடி சுற்றிக்கொண்ட இடம் சரியில்லை என்று ஒரு உயிரைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சுழியினால நடை கொறையுமாவே?”

தரகர் இல்லை என்றார். துண்டைப் போட்டு அதற்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசினார்கள். 4,500 ரூபாய். வண்டியில் ஏற்றி வர அதில் பாதி கேட்டதால், இரண்டு நாள் நடத்தியே கூட்டிவந்தார்கள்.

வந்த அன்றைக்கு ஆச்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தது. “தாமிரவருணித் தண்ணி துரைக்கு எறங்காதோ?” என்றாள் ஆச்சி. பெயர் வந்தது அப்படித்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் ‘அது’ கிடையாது, ‘அவர்’தான். துரை சாப்பிட்டாரா, துரை படுத்தாரா, துரைக்கு இன்று வயிறு சரியில்லையா. வெளியூரிலிருந்து வந்த ஒரு சம்பந்தி, உள்ளே யாரோ பெரிய மனிதர் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

தாத்தாவுடையது கல்லிடைக்குறிச்சி ரயில்வே ஸ்டேஷன் வண்டி. அப்போது ஓடியது மீட்டர் கேஜ் ரயில். பம்பாய்க்காரர்கள் கோடை லீவுக்கு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள், திரும்பும்போது அப்பளக் கட்டு அப்பளக் கட்டாக ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆட்டோ வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் அக்ரகாரத்தில் வயசானவர்கள் சிலர் “வண்டிக்காரரை வரச் சொல்லு” என்றுதான் ஆள் அனுப்புவார்கள். கூண்டு வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு. ஆள் ஏறினதும் தாத்தா கண்ணாலேயே எடை போடுவார். “மாமி, செத்த முன்னால வாங்க. பின்பாரம் இழுக்கி.” பாரம் பின்னால் போனால் குதிரைக்கு வயிற்றுப் பட்டை தூக்கும், முன்னால் போனால் முதுகு அழுந்தும். ஒரு மனிதர் தன் பாரம் எங்கே விழுகிறது என்று யோசித்து உட்கார வேண்டிய வாகனம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சாட்டையை அவர் துரை மேல் போட்டதில்லை. சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரக்காலுக்குள் விடுவார். டர்ர்ர் என்று சத்தம் வரும். துரையின் காது இரண்டும் பின்னால் வரும், நடை மாறும். அவ்வளவுதான். ஆட்டோ ஹாரனுக்கு விலகாத கூட்டம் அந்த டர்ர்ருக்கு விலகும்.

பத்தாம் வகுப்பில் அம்பாசமுத்திரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வண்டி போகும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லிவிடுவேன். ஏன் என்று தாத்தா கேட்டதில்லை. துரைதான் பழக்கத்தில் அந்த முக்கில் தானாக நின்றுவிடுவார். ஒரு நாள் நல்ல மழை. வாசல் வரை விடுங்கள் என்றேன். முக்கில் நின்றவர் நின்றவர்தான், நகரவில்லை. தாத்தா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

2001-ல் அப்பா போனார். ராத்திரி சைக்கிளில் வரும்போது லாரி. சனிக்கிழமை.

சனிப் பிணத்துக்குத் துணையாகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டுவார்கள். கட்டினார்கள். அது கத்திக்கொண்டே போனது எனக்கு இப்போதும் கேட்கும். கட்டியும் என்ன, 38-ஆம் நாள் ஆச்சி போனாள். மகன் போன துக்கத்தில் சாப்பிடாமல் கிடந்தவள், போனாள். ஆனால் ஊர் இரண்டு கணக்குச் சொன்னது. ஒன்று சனிக்கிழமை. இன்னொன்று பாடைச் சுழி. “அப்பமே சொன்னோம்லா வண்டிக்காரரே, அந்தச் சவத்த வித்துத் தொலையும்” என்று வாசலில் நின்று சொன்னவர்களுக்கு, தாத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி பதில் சொன்னார். “எம் மவன் லாரில அடிபட்டான். குதிர என்னல செய்யும்?”

அம்மா அப்போது நிலைப்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு 42 வயது. சுழியை நம்புகிறவள், கிழமையை நம்புகிறவள், பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவள். மாமனார் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் புறவாசலில் வாளிச் சத்தம். துரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஆச்சி செய்த வேலை அன்றிலிருந்து அவளுடையதாயிற்று. 22 வருஷம் ஒரு நாள் தவறாமல் காட்டினாள். அந்தச் சுழியை அவள் எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டாள் என்று நான் கேட்டதே இல்லை. குளிப்பாட்டும்போது முதுகில் அந்த இடத்தில் மட்டும் கை கொஞ்சம் வேகமாகப் போகும். பார்த்திருக்கிறேன்.

தாத்தா 2009-ல் போனார். வியாழக்கிழமை, அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. அகலப்பாதை போடத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலம். 2012-ல் பெரிய ரயில் வந்தபோது ஸ்டேஷன் வாசலில் ஒரு குதிரை வண்டியும் இல்லை. வண்டியை விறகு விலைக்குக் கொடுத்தோம். துரையைக் கேட்டும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குற்றாலத்தில் சீசனுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றவிட. அம்மா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

தாத்தாவின் பதினாறு கழிந்து லாடக்கார மாமா வந்து நாலு லாடத்தையும் கழற்றினார். இனி ரோட்டில் ஓடப்போவதில்லை, வெறுங்காலே போதும் என்றார். ஒன்றை எங்கள் வாசல் நிலையில் அடித்தோம். மீதி மூன்றுக்கு வந்த கிராக்கியைச் சொல்ல வேண்டும். குதிரை லாடம் வாசலில் இருந்தால் நல்லதாம். டீக்கடைக்காரர் ஒன்று, கோடித் தெருவில் புது வீடு கட்டினவர்கள் ஒன்று. மூன்றாவதைக் கேட்டு வந்தவர், வாசலில் நின்று ‘அந்தச் சவத்த வித்துத் தொலையும்’ என்றவரேதான். அம்மா துடைத்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறமும் மாமா இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடித் தேயாத குதிரைக்குச் செதுக்கிவிடாவிட்டால் கால் கோணிப்போகும். காசு வாங்க மாட்டார். காபி, அப்பளம், பத்து நிமிஷம் தாத்தாவைப் பற்றிப் பேச்சு. நான் ஊரில் இருந்தால் துரையின் வாயைத் திறந்து பாடம் நடத்துவார். மேல் வரிசையில் முன்பற்களில் ஓரத்துப் பல். 10 வயது வாக்கில் ஈறோரம் ஒரு பழுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். 15-ல் பாதிப் பல்லுக்கு வரும். 20-ல் முழுப் பல்லுக்கும் ஓடும். அதன்பிறகு மேலிருந்தே அழிய ஆரம்பிக்கும். 30-ல் கோடே இருக்காது. கோடு முழுசாக ஓடியதையும் பார்த்தேன், பாதி அழிந்ததையும் பார்த்தேன். 2023 தீபாவளிக்கு வந்தபோது ஈறு நுனியில் மயிரிழை போல ஒரு துளிதான் இருந்தது. மாமா உதட்டை விட்டுவிட்டு, “கணக்கு முடியப்போவுதும்மா” என்றார். கணக்கு என்று என்னிடம் சொன்னது வேடிக்கையாகச் சொன்னதா, தெரியவில்லை.

கொள்ளுன்னா வாயத் திறக்கும், கடிவாளம்னா மூடும் என்று பழமொழி சொல்வார்கள். துரை கடைசி மூன்று வருஷம் கொள்ளுக்கும் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிற நிலைமை. கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது. புல்லைப் போட்டால் மென்று மென்று உருண்டையாக்கித் துப்பிவிடுவார். தொழுவம் முழுக்கப் பச்சை உருண்டை. அம்மா ராத்திரியே கொள்ளை ஊறப்போட்டு, காலை நாலரைக்கு வேகவைத்து, கையால் மசித்து, தவிடும் உளுந்தம்பொட்டும் கலந்து கஞ்சியாக வைப்பாள். அவள் அப்பளம் இடுகிற கைதான். அந்தப் பக்குவத்தில் ஒரு கட்டி இருக்காது. “எனக்கு நீ இப்படிக் கஞ்சி வச்சுத் தந்ததில்லையே” என்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் கேட்டால், “உனக்குப் பல்லு இருக்குலா” என்பாள்.

அந்த டிசம்பர் வெள்ளத்தைத் தாண்டாமல் இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும். 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழை. நான் பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டேன். கரண்டு இல்லை, போன் இல்லை. ஊரில் தொழுவத்துக்குள் முழங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள். அம்மா துரையின் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறாள். தெருத் தண்ணீரைப் பார்த்து அவர் நின்றுவிட்டார். இழுத்தால் வருகிற உடம்பா அது? 64 வயது அம்மா, இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு, நாக்கை மடித்து டர்ர்ர் என்று சத்தம் கொடுத்தாளாம். காது இரண்டும் பின்னால் வந்ததாம், நடந்தாராம். இதை அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மைனி சொன்னாள். கேட்டால், “பெறவு என்ன செய்ய, மூதி நகரணும்லா” என்றாள்.

இரண்டு நாள் ஈரத் தரையில் நின்றதில் முன்னங்கால் மூட்டு வீங்கியது. தைப் பொங்கலுக்கு ஒரு தடவை படுத்து எழ முடியாமல் போக, சாக்கைக் கொடுத்து ஆறு பேர் தூக்கி நிறுத்தினோம். மாசி பிறந்ததும் இன்னொரு தடவை. மூன்றாவது தடவைதான் அந்த வெள்ளிக்கிழமை. தூக்கி நிறுத்திப் பார்த்தோம். நாலு காலும் அவருடையதாக இல்லை. டாக்டரம்மாவுக்கு ஈரோட்டுப் பக்கம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவராம். மற்றபடி இந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிகளில் குதிரையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அபூர்வம். அது எங்கள் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை பகல் எப்படியோ போயிற்று. சாயங்காலம் மாமா பத்தமடையிலிருந்து வந்துவிட்டார். அவருக்கே 70-க்கு மேல். துரைக்கு அடியில் வைக்கோலைத் திணித்து, காலில் கயிறு போட்டு, அவரும் நானும் பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேரும் திருப்பிப் போடுவோம். திருப்பும்போது ஒரு முனகல். நிலா பட்டப்பகல் போல அடித்தது. மகத்துக்கு ஆற்றுக்குப் போய்வந்தவர்கள் தெருவில் பேசிக்கொண்டு போனார்கள்.

“குதுர படுத்து ஒறங்குறது கொஞ்ச நேரந்தாம்மா” என்றார் மாமா. “பின்னங்கால் முட்டியில பூட்டுப் போட்ட மாதிரி ஒரு அமைப்பு உண்டு. நின்னுக்கிட்டே ஒறங்கிரும். கெடைன்னு விழுந்துட்டா, அது குதிரையே இல்லம்மா.”

தூக்கம் வராமல் இருக்க நான் அவருக்கு மார்க்கோ போலோ கதையைச் சொன்னேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் காயல் துறைமுகம். இடையன்குடி கால்டுவெல் பழைய காயல்தான் அது என்று எழுதியிருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கும். பாண்டியர்கள் பொன்னாகக் கொட்டிக் கொடுத்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். வருஷம் முடியும்போது நூறு உயிரோடு இருந்தால் பெரிது. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுவார்களாம், பார்க்கத் தெரியாதாம். குதிரை விற்கிற வியாபாரிகள் லாடக்காரர்களை மட்டும் இந்தப் பக்கம் வரவிடவே மாட்டார்கள், செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம் என்று.

மாமா துரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். கடைசியில், “எங்காளுவள அன்னைக்கே வரவிடல பாத்தியா” என்றார். சிரித்தோம். அந்த ராத்திரியில் அது ஒன்றுதான் சிரிப்பு.

மூன்று மணி வாக்கில் துரை எழப் பார்த்தார். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, கழுத்தை எக்கி, நெஞ்சு வரை தூக்கினார். ஒரு நொடி, எழுந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். பிறகு அப்படியே விழுந்தார். தலை தரையில் மோதிய சத்தத்துக்கு அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழப் பார்த்தார். மறுபடியும் அதே சத்தம். நான் என் மடியை அவர் தலைக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். வாயில் நுரை. கண் விழித்தே இருந்தது.

அப்போது மறைக்க முடியாமல் எனக்கு ஒன்று தெரிந்தது. அம்மா சனிக்கிழமை என்றதும் நான் சரி என்றது அம்மாவுக்காக இல்லை. அவளுக்கு ஒரு சனிக்கிழமை இருந்தது, அதற்கு 38 நாள் இருந்தது. எனக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. நான் “இல்லம்மா, நாளைக்கே முடிச்சிரலாம்” என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், ஒரு தேங்காயைக் கட்டியிருப்பாள், ஒப்புக்கொண்டிருப்பாள். சொல்ல வாய் வரவில்லை. நாள் குறிக்கிற ஆளாக நான் இருக்கக் கூடாது என்றிருந்தது. அம்மா ஒரு கிழமையைச் சொன்னாள், நான் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு முழுப் பகலும் ராத்திரியும் அதன் கூலியைக் கொடுத்தது அவர். மடியில் தலை கனத்தது. தலை மட்டுமே எவ்வளவு கனம்!

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே டாக்டரம்மா வந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. கழுத்தில் ஒரு கையகலத்துக்கு முடியை வழித்துவிட்டு, முதலில் மயக்க ஊசி போட்டார். துரையின் உதடு தளர்ந்து தொங்கியது. மூச்சு நிதானப்பட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாக அந்த உடம்பு முறுக்கு விட்டுப் படுத்திருப்பதைப் பார்த்தேன். “அடுத்ததுதானுங்க” என்றார். “கண்ணு மூடாது, தெறந்தேதான் இருக்கும். பயந்துக்காதீங்க. கால் லேசா ஒதறும், அது அவருக்குத் தெரியாது.”

பெரிய ஊசி. நான் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் சூடாக இருந்த காது அது. டாக்டரம்மா நெஞ்சில் வைத்துக் கேட்டார். விரல் நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. “முடிஞ்சுதுங்க.”

மாமா இன்னா லில்லாஹி சொன்னது காதில் விழுந்தது. அம்மா குனிந்து, மனிதர்களுக்குச் செய்வதுபோல, உள்ளங்கையால் கண்ணை மூடப் பார்த்தாள். திறந்துகொண்டது. மறுபடியும் மூடினாள். மூன்றாம் தடவை விட்டுவிட்டு நெற்றியில் திருநீறு பூசினாள். அன்றைக்கு அவள் மணி பார்க்கவில்லை.

ஜேசிபிக்கு மணிக்கு 1,200 ரூபாய். புறவாசல் வேப்ப மரத்தைத் தாண்டி எட்டடி ஆழத்துக்குக் குழி. இரண்டு மூட்டைக் கல் உப்பு. எல்லாம் தயாரான பிறகு மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து இழைப்புளியையும் அரத்தையும் எடுத்தார். “கொளம்பு வளந்து கெடக்கு தங்கச்சி. இப்பிடியே அனுப்ப முடியாது.”

ஜேசிபிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். மாமா ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்துச் செதுக்கினார். உயிரோடு இருக்கும்போது என்ன நேரம் பிடிக்குமோ அதே நேரம். ஒரு காலுக்கு அரம் போட்டு, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, திருப்தியில்லாமல் மறுபடியும் போட்டார். அம்மா உள்ளே போய்த் தாத்தாவின் துண்டு ஒன்றை எடுத்துவந்து முதுகில் விரித்தாள். விரிப்பதற்கு முன்னால் சுழி இருந்த இடத்தில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

ராத்திரி தம்பி கூப்பிட்டான். எல்லாம் கேட்டுவிட்டு, “வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாவள்லா, ஏன்க்கா ரெண்டு நாள் இழுத்தீங்க?” என்றான். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். “நான்தான்டா” என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அடுப்படியில் முக்கால் மூட்டைக் கொள்ளு சாய்த்து வைத்திருந்தது. அம்மா இன்னும் நாலரைக்கு எழுந்துகொண்டிருந்தாள். ராத்திரி கை தானாக ஊறப்போட்டுவிடுகிறதாம். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்தாளாம். அன்றைக்குக் கொள்ளு ரசம் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் கொள்ளு மனிதர் சாப்பிடுகிற சாமானாக இருந்ததே இல்லை. இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தோம்.

“உப்பு காணுமாட்டீ?” என்றாள்.

காணும் என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.